ஜெனீவ் டனலில் கூடுதல் தகவல் அனுப்பும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு துணிக்கடை, தேவகோட்டையில் அதன் கிளை, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் தங்கும் விடுதி. நான்கிலும் பில் போடும் மென்பொருள் ஒன்றுதான். அது மும்பையில் உள்ள கிளவுட் சர்வர்களில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு இடத்துக்கும் தனித்தனி மெய்நிகர் நெட்வொர்க்: காரைக்குடிக்கு 5001, தேவகோட்டைக்கு 5002, ஆத்தங்குடிக்கு 5003, கானாடுகாத்தானுக்கு 5004. எந்தக் கவுண்டரிலிருந்து வந்தது, எந்த ஃபயர்வால் விதி பொருந்தும் என்ற இரண்டு எண்களும் பாக்கெட்டோடு சேர்ந்தே போக வேண்டும். கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் இந்த அமைப்பை வைத்துத்தான்.

ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் உறைபோட்டு அனுப்பும் வழிதான் டனல். விஎக்ஸ்லான், ஜெனீவ் இரண்டும் அப்படி உறைபோடும் முறைகள். இந்த வேலைக்கு விஎக்ஸ்லான் போதாது. 2014-ல் வெளியான ஆர்எஃப்சி 7348 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதற்கு 8 பைட் ஹெட்டர்தான் வகுத்தது. அதில் 24 பிட் நெட்வொர்க் எண்ணைத் தவிர வேறு எதையும் வைக்க இடமில்லை. 2020 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 8926 வகுத்த ஜெனீவ் ஹெட்டரும் 8 பைட்தான். ஆனால் அதன் பின்னால் 252 பைட் வரை ஆப்ஷன்களைச் சேர்க்கலாம். ஒரு ஆப்ஷனுக்குள் 124 பைட் வரை தகவல் வைக்கலாம். யுடிபி போர்ட் 6081.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கிளவுட் நிறுவனம் உங்கள் பாக்கெட்டின் மேல் தன் சொந்த உறையைப் போட்டு எடுத்துப்போய், மறுமுனையில் கழற்றிவிட்டுத்தான் தருகிறது. அந்த உறையில் உங்களுக்குக் கைவைக்க வழியில்லை. உங்கள் தகவல் பத்திரமாகப் போய்ச் சேரும் இடம் யுடிபிக்கு உள்ளே மட்டும்தான். ஜெனீவ் தானாக எதையும் மறைக்காது. வாடிக்கையாளரின் கைபேசி எண் போன்றவற்றை ஆப்ஷனில் வைக்கவே வைக்காதீர்கள். ஊருக்கும் கிளவுட்டுக்கும் நடுவே, பாக்கெட்டை மறையாக்கும் ஐபிசெக் கட்டாயம் இருக்கட்டும்.

எதையும் மாற்றும் முன்

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். டனல் இன்டர்ஃபேஸில் அல்ல, ஐபிசெக் உறை ஏறும் முன் உள்ள வெளி இன்டர்ஃபேஸில். வடிகட்டி: யுடிபி போர்ட் 6081. ஹெக்ஸ் (பதினாறடிமான) வெளியீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். யுடிபி ஹெட்டரின் 8 பைட் முடிந்ததும் இப்படி வர வேண்டும்:

02 00 65 58 00 13 89 00
எஃப்எஃப் 01 01 01 00 03 00 07

முதல் பைட்டில் மேல் இரண்டு பிட் பதிப்பு எண், அது 0. மீதி ஆறு பிட் ஆப்ஷன்களின் மொத்த நீளம், நான்கு பைட் கணக்கில். 2 என்றால் 8 பைட். இரண்டாம் பைட்டின் மேல் பிட் கட்டுப்பாட்டுச் செய்தியைக் குறிக்கும். அதற்கு அடுத்த பிட் ‘கிரிட்டிக்கல்’. இங்கே இரண்டும் இல்லை. 6558 என்றால் உள்ளே இருப்பது ஈதர்நெட் ஃபிரேம். 001389-ஐப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் 5001, அதாவது காரைக்குடி. கடைசி 00 ஒதுக்கி வைத்தது.

இரண்டாம் வரிதான் நம்முடைய ஆப்ஷன். எஃப்எஃப்01 என்பது வகுப்பு எண். எஃப்எஃப்00-லிருந்து எஃப்எஃப்எஃப்எஃப் வரை சோதனைப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கியிருப்பதால் யாரிடமும் பதிவு செய்யாமல் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த 01 வகை. அதற்கு அடுத்த 01 நீளம்: 4 பைட் தகவல். பிறகு கவுண்டர் 3, விதி 7.

சொந்தமாக நிரல் எழுதி ஆப்ஷன் சேர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இந்த நீளக் கணக்கில்தான். முதல் வரியில் உள்ள நீளம் ஆப்ஷனின் 4 பைட் தலையையும் சேர்த்தது. ஆப்ஷனுக்குள் இருக்கும் நீளம் அந்தத் தலையைச் சேர்க்காதது. ஒன்றில் 2, மற்றதில் 1, இரண்டும் சரி. இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டால் பெறும் முனை அதைக் கெட்ட பாக்கெட் என்று தள்ளிவிடும்.

அறிகுறி: பிங் போகிறது, லாகின் ஆகிறது, பெரிய கோப்பு மட்டும் நின்றுவிடுகிறது

ஆத்தங்குடியிலிருந்து பில் உடனே ஏறும். டைல்ஸ் டிசைன் படம் ஏற்றினால் பாதியில் சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்எச் உள்ளே விடும். நீளமான பட்டியலைக் கேட்டால் திரை உறைந்துவிடும். இதைப் பார்த்ததும் எம்டியு (ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்ற வரம்பு) கணக்கைக் கையில் எடுங்கள். கூடுதல் தகவல் சேர்த்த டனல்களில் மற்றக் கோளாறுகளை எல்லாம் விட அடிக்கடி வருவது இதுதான்.

கணக்கு இது: உள் ஈதர்நெட் 14, ஜெனீவ் 8, நம் ஆப்ஷன் 8, யுடிபி 8, வெளி ஐபி 20. மொத்தம் 58 பைட். விஎக்ஸ்லானுக்கு 50 என்று மனப்பாடமாகச் சொல்லி அந்தக் கணக்கிலேயே எம்டியு வைத்தவர்களுக்கு, ஆப்ஷன் சேர்த்த அன்றைக்குத்தான் 8 பைட் இடிக்கும். வெளியே ஐபிவி6 என்றால் இன்னும் 20 கூட்டி 78.

சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே இந்தக் கோளாறு தலைகாட்டாது. அமேசானின் தனி மெய்நிகர் நெட்வொர்க்கான விபிசிக்குள் எம்டியு 9001 வரை போகும். 58 பைட் எல்லாம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. ட்ரான்சிட் கேட்வே வழியாகப் போனால் 8500, இன்டர்நெட் கேட்வேயைத் தாண்டினால் 1500. கூகுள் கிளவுட்டில் இயல்பாக வருவதே 1460. அங்கே 58 போக 1402தான் மிச்சம். சோதனை முழுவதையும் கிளவுட்டுக்குள்ளேயே முடித்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று ஊர்க் கிளைகளை இணைத்தால், பிரச்சினை கிளைகளில்தான் வெளிப்படும்.

ஊர்ப் பக்கத்துக் கணக்கு: மோடம் டயல் செய்து இணையும் பிபிபிஓஇ பிராட்பேண்டில் எம்டியு 1492. அதன் மேல் நேட் (முகவரி மாற்றம்) தாண்டும் ஐபிசெக், மறையாக்கம் ஏஇஎஸ்-ஜிசிஎம் என்றால் வெளி ஐபி 20, யுடிபி 8, இஎஸ்பி (ஐபிசெக்கின் தலைப்பு) 8, தொடக்க எண் 8, வால் 2, சரிபார்ப்பு 16, ஆக 62. மீதம் 1430. அதிலிருந்து ஜெனீவின் 58 போனால் 1372. டனல் இன்டர்ஃபேஸின் எம்டியு இதுதான். டிசிபியின் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏறும் தரவின் உச்ச அளவு) இதில் 40 குறைவு, 1332.

சரிபார்க்க, டனலுக்குள் இருக்கும் முகவரிக்கு, துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1344 அளவில் பிங் அடியுங்கள். 1344-ஓடு ஐசிஎம்பி 8, ஐபி 20 சேர்ந்தால் 1372. அது போய், 1345 போகாமல் நின்றால் கணக்கு சரி. 1344-ம் போகவில்லை என்றால் நடுவில் இன்னொரு உறை இருக்கிறது. 8 பைட் குறைத்து மறுபடி அடித்துப் பாருங்கள். நிற்கும் அளவே அந்த உறை எவ்வளவு என்று சொல்லிவிடும்.

சரிசெய்ய மூன்று வேலை, மூன்றும் வேண்டும். டனல் இன்டர்ஃபேஸில் 1372 வைப்பதோடு, அதற்குப் பின்னால் இருக்கும் பிரிட்ஜ், கன்டெய்னர், விஎம் எல்லாவற்றிலும் அதே எண்ணை வையுங்கள். டாக்கர் பிரிட்ஜ் 1500-லேயே நின்றுவிடுவது வழக்கம். இரண்டாவது, கேட்வேயில் ஐபிடேபிள்ஸின் மேங்கிள் அட்டவணை, ஃபார்வர்ட் சங்கிலியில், இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டுகளின் எம்எஸ்எஸ்ஸை 1332 ஆக்கும் விதி. மூன்றாவது, ‘பாக்கெட் பெரிது, துண்டாக்க வேண்டும்’ என்று சொல்லும் ஐசிஎம்பி வகை 3, குறி 4-ஐ, கிளவுட்டின் ஃபயர்வால் விதிகளான நெட்வொர்க் ஏசிஎல்லிலும் செக்யூரிட்டி குரூப்பிலும் அனுமதியுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் அடைப்பவர்கள் இந்தச் செய்தியையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்கள்; அதனால்தான் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் இணைப்பு வெறுமனே உறைகிறது. எம்எஸ்எஸ் விதி மட்டும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். அது டிசிபிக்கு மட்டும்தான். யுடிபியில் ஓடும் க்விக் அதைக் கண்டுகொள்ளாது.

இன்னொரு ஆப்ஷன் பிற்பாடு வரும் என்று தெரிந்தால் முதலிலேயே 1340 வைத்துவிடுங்கள். 32 பைட் கையிருப்பு. வேகத்தில் தெரியவே தெரியாது. நான்கு ஊரிலும் மறுபடி எண் மாற்றும் வேலை மிச்சம்.

அறிகுறி: ஒரு பக்கம் அனுப்புகிறது, மறுபக்கம் எதுவுமே வந்து சேரவில்லை

செக்யூரிட்டி குரூப்பில் 6081 உள்வழி யுடிபி இரண்டு முனையிலும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனையில் திறந்தால் போதும், பதில் தானாக வரும் என்ற எண்ணம் இங்கே செல்லாது. காரணம்: காரைக்குடி முனை, உள் பாக்கெட்டை வைத்துக் கணக்கிட்ட ஏதோ ஒரு மூலப் போர்ட்டிலிருந்து மறுமுனையின் 6081-க்கு அனுப்புகிறது. மும்பை முனை பதில் அனுப்பும்போது அந்த மூலப் போர்ட்டுக்கு அனுப்புவதில்லை. தானும் வேறொரு மூலப் போர்ட்டிலிருந்து காரைக்குடியின் 6081-க்கே அனுப்புகிறது. இணைப்பை நினைவில் வைக்கும் ஃபயர்வாலுக்கு இவை இரண்டும் தொடர்பில்லாத இரண்டு பாய்ச்சல்கள். அதே காரணத்தால் விதியில் மூலப் போர்ட்டைக் குறிப்பிட்டுக் கட்டவும் கூடாது.

அஸூர் என்றால் இன்னொன்று: அதன் மெய்நிகர் நெட்வொர்க்கான விநெட்டுக்குள் ஜிஆர்இ, ஐபிக்குள் ஐபி என்ற இரண்டு டனல் முறைகளுமே தடை. பழைய ஜிஆர்இ டனலை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வைத்தால் ஒரு பாக்கெட்கூட நகராது. யுடிபி உறைக்கு மாறுங்கள்.

கரண்ட் போய் வந்தபின் மட்டும் நிற்கிறதா? மோடம் மறுபடி டயல் செய்யும்போது பொது ஐபி மாறிவிட்டது. ஜெனீவ் இன்டர்ஃபேஸில் மறுமுனையாக அந்தப் பொது ஐபியை எழுதி வைத்திருப்பீர்கள். ஐபிசெக்குக்கு உள்ளே இருக்கும் நிலையான தனி முகவரிகளை மறுமுனையாக வையுங்கள். இணைப்பைத் தொடங்குவது எப்போதும் கிளைப் பக்கமாக இருக்கட்டும். செத்த இணைப்பைக் கண்டுபிடிக்கும் டிபிடியைப் போட்டுவிடுங்கள். பொது ஐபி எத்தனை முறை மாறினாலும் ஜெனீவுக்கு அது தெரியாது.

அறிகுறி: டிசிபிடம்ப்பில் வருகிறது, டனல் இன்டர்ஃபேஸில் பிழை எண்ணிக்கை ஏறுகிறது

இரண்டாம் பைட்டைப் பாருங்கள். 00-க்குப் பதில் 40 இருந்தால் கிரிட்டிக்கல் பிட் ஏற்றப்பட்டிருக்கிறது. ‘இந்த ஆப்ஷனைப் புரிந்துகொள்ள முடியாதவர் பாக்கெட்டை எறிந்துவிட வேண்டும்’ என்று அதற்குப் பொருள். லினக்ஸில் நெட்வொர்க் எண்ணையும் மறுமுனையையும் கொடுத்து உருவாக்கும் சாதாரண ஜெனீவ் இன்டர்ஃபேஸுக்கு எந்த ஆப்ஷனும் புரியாது. கிரிட்டிக்கல் என்று கண்டதும் கர்னல் அதை எறிந்துவிட்டு, பெறும் பிழையிலும் ஃபிரேம் பிழையிலும் ஒன்று கூட்டும். ஐபி லிங்க் கட்டளையில் புள்ளிவிவரக் கொடியை இரண்டு முறை கொடுத்தால் ஃபிரேம் பிழை தனியாகத் தெரியும்.

வழி இரண்டு. தகவல் இல்லாவிட்டாலும் பாக்கெட் போய்ச் சேரலாம் என்றால் அனுப்பும் முனையில் கிரிட்டிக்கலை எடுத்துவிடுங்கள். வகை எண்ணின் மேல் பிட்டும் அதில் அடக்கம், 81 இருந்தால் 01 ஆக்குங்கள். தகவல் இல்லாமல் விடவே கூடாது என்றால் பெறும் முனையை ‘எக்ஸ்டர்னல்’ முறையில் உருவாக்கி, மென்பொருள் ஸ்விட்ச்சான ஓபன் விஸ்விட்ச் அல்லது கர்னலுக்குள் ஓடும் இபிபிஎஃப் நிரலிடம் ஆப்ஷனைப் படிக்கும் வேலையைக் கொடுங்கள். ஓபன் விஸ்விட்ச்சை மேலிருந்து நிர்வகிக்கும் ஓவிஎன் பயன்படுத்துபவர்கள் 40-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். அது தன் ஆப்ஷனை வகுப்பு 0102, வகை 80 என்று கிரிட்டிக்கலாகவேதான் அனுப்பும். உள்நுழை போர்ட், வெளியேறு போர்ட் எண்கள் அதற்குள் இருக்கும். ஓவிஎன் முனையோடு சாதாரண லினக்ஸ் இன்டர்ஃபேஸை நேரடியாக இணைக்கப் பார்ப்பதுதான் தவறு.

பிட் 00-ஆகவே இருந்தும் பாக்கெட் உள்ளே போகவில்லை என்றால் நெட்வொர்க் எண்ணை ஒப்பிடுங்கள். 001389 வர வேண்டிய இடத்தில் 005001 வந்தால், யாரோ பத்தடிமான எண்ணை அப்படியே ஹெக்ஸாக எழுதிவிட்டார்கள். 6558 இருக்க வேண்டிய இடத்தில் 0800 இருந்தால் அனுப்புபவர் ஈதர்நெட் இல்லாமல் வெறும் ஐபியை வைத்து அனுப்புகிறார், லினக்ஸ் 5.18 முதல் இருக்கும் ‘இன்னர் ப்ரோட்டோ இன்ஹெரிட்’ அமைப்பு பெறும் முனையில் வேண்டும்.

அறிகுறி: தரவு வருகிறது, கவுண்டர் எண் மட்டும் 0

ஓபன் விஸ்விட்ச்சில் ஆப்ஷனுக்கும் டன் மெட்டாடேட்டா புலத்துக்கும் ஒரு பொருத்தப் பட்டியல் உண்டு: டிஎல்வி மேப். அது பிரிட்ஜ் வாரியானது. அனுப்பும் பிரிட்ஜில் போட்டு, பெறும் பிரிட்ஜில் போடாமல் விட்டால் ஆப்ஷன் வரும், படிக்க ஆள் இருக்காது. வகுப்பு, வகை, நீளம் மூன்றும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ஃப்ளோக்களை (பாக்கெட்டை என்ன செய்வது என்று ஸ்விட்ச்சுக்குச் சொல்லும் விதிகளை) போடுவதற்கு முன்பே மேப்பைப் போட்டுவிடுங்கள். ஃப்ளோ பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது மேப்பில் கைவைக்காதீர்கள்.

மேப் சரியாக இருந்தும் 0 என்றால் நடுவில் யாரோ உறையைப் பிரித்து மறுபடி கட்டுகிறார்கள். தேவகோட்டையிலிருந்து வரும் டனல் காரைக்குடி கேட்வேயில் முடிந்து, அங்கிருந்து வேறொரு டனலாக மும்பைக்குப் போனால், ஆப்ஷன் காரைக்குடியிலேயே கழன்றுவிடும். சேலைக் கட்டின் மேல் கட்டிய சீட்டு, கட்டைப் பிரித்து வேறு பையில் போடும்போது தானாகக் கூட வராது. உள்ளே வந்த டன் மெட்டாடேட்டாவை வெளியே போகும் டனலிலும் ஏற்றச் சொல்லி அந்தக் கேட்வேயில் வெளிப்படையாக ஃப்ளோ எழுத வேண்டும். எந்த இடத்தில் கழல்கிறது என்று பார்க்க, நடுக் கேட்வேயின் இரண்டு பக்கமும் டிசிபிடம்ப் வைத்து முதல் பைட்டை ஒப்பிடுங்கள்: உள்ளே 02, வெளியே 00 என்றால் அங்கேதான்.

அறிகுறி: இணைப்பு ஏறக்குறைய 63 வினாடி கழித்துத் திடீரென்று வேலை செய்கிறது

1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகிப் போகும் சின் மறுமுயற்சிகளின் கூட்டுத்தொகை 63. அதாவது முதல் முயற்சியும் அதற்குப் பின் வந்தவையும் வீணாகின்றன. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், அதன் நெட்வொர்க் மென்பொருளான ஃப்ளானல் விஎக்ஸ்லானோடு வந்து பேர்பெற்ற கோளாறு இது. உறைக்கு மேல் செக்சம் (பாக்கெட் கெடாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) கணக்கிடும் பொறுப்பு கர்னலுக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் நடுவே தவறிப்போவதுதான் காரணம். ஈத்டூல் கொண்டு டனல் இன்டர்ஃபேஸில் அனுப்பும் செக்சம் ஆஃப்லோடை (அந்தக் கணக்கைக் கார்டிடம் விடுவதை) நிறுத்திப் பாருங்கள். உடனே சரியானால் கர்னலைப் புதுப்பியுங்கள். அதுவரை ஆஃப்லோடு நின்றபடியே இருக்கட்டும்.

அனுப்பும் முனையின் டிசிபிடம்ப் ‘செக்சம் தவறு’ என்று காட்டுவதை நம்பாதீர்கள். ஆஃப்லோடு ஓடும்போது கார்டு அதைப் பிறகுதான் நிரப்பும். பெறும் முனையில் பாருங்கள். வெளி உறை ஐபிவி6 என்றால், பூஜ்ய செக்சமோடு வரும் யுடிபியை லினக்ஸ் இயல்பாக எடுத்துக்கொள்ளாது. பெறும் முனையில் அதற்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் போகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை

ஒரே சிபியு கோர் நூறு சதவீதம், மற்றவை சும்மா இருக்கிறதா? டிசிபிடம்ப்பில் வெளி மூலப் போர்ட்டுகளைப் பாருங்கள். எல்லாப் பாக்கெட்டும் ஒரே போர்ட்டிலிருந்து வந்தால் மொத்தப் போக்குவரத்தும் ஒரே பாய்ச்சலாகத் தெரியும். அமேசானில் பிளேஸ்மென்ட் குரூப்புக்கு (சர்வர்களை அருகருகே வைக்கும் தொகுதி) வெளியே ஒரு பாய்ச்சலுக்கு இயல்பாக 5 ஜிபிபிஎஸ்தான் உச்சம். மூலப் போர்ட்டை நிலையாக வைத்த அமைப்பை எடுத்துவிடுங்கள். நடுவில் நேட் இருந்தால் நீக்குங்கள். உறைக்கு வெளியே துண்டான பாக்கெட்டுகள் தெரிந்தால் எம்டியு பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: கேட்வே லோட் பேலன்சரில் ஃபயர்வால் பச்சை, போக்குவரத்து மாயம்

போக்குவரத்தை ஃபயர்வால்களுக்குப் பகிர்ந்து தரும் அமேசானின் கேட்வே லோட் பேலன்சர் தானே ஜெனீவில் மூன்று ஆப்ஷன் சேர்த்து அனுப்புகிறது: எண்ட்பாயிண்ட் அடையாளம், அட்டாச்மென்ட் அடையாளம், ஃப்ளோ குக்கி. வகுப்பு 0108, மொத்தம் 32 பைட். ஃபயர்வால் இவற்றை ஒரு பைட்கூட மாற்றாமல், வெளி ஐபி முகவரிகளை மட்டும் இடம் மாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். குக்கி காணாமல் போனால் பாக்கெட்டும் போச்சு. எண்ட்பாயிண்ட் அடையாளத்தை வைத்து எந்த வாடிக்கையாளர் என்று பிரித்துக்கொள்ளலாம் என்பதால், உங்கள் சொந்த ஆப்ஷன் இங்கே பெரும்பாலும் தேவைப்படாது.

பச்சை விளக்கை வைத்து 6081 சரி என்று முடிவு கட்டாதீர்கள். நலச் சோதனை டிசிபியிலோ எச்டிடிபியிலோ தனியாக நடக்கிறது. ஜெனீவ் வழியை அது தொடுவதே இல்லை. எம்டியு கணக்கு: உள்ளே 8500 வரை, உறை 68, எனவே ஃபயர்வால் இன்டர்ஃபேஸில் 8568-ஆவது வேண்டும். சும்மா கிடந்த இணைப்புகள் அறுந்தால் நேர வரம்பைப் பாருங்கள்: டிசிபிக்கு இயல்பாக 350 வினாடி, மற்றவற்றுக்கு 120. பில்லிங் மென்பொருளின் கீப்அலைவை 300 வினாடிக்குள் வையுங்கள்.

அஸூரின் கேட்வே லோட் பேலன்சர் இதற்கு விஎக்ஸ்லானைப் பயன்படுத்துகிறது: உள்பக்கம் போர்ட் 10800, எண் 800, வெளிப்பக்கம் 10801, எண் 801. அங்கே ஆப்ஷன் எதிர்பார்க்காதீர்கள்.

அறிகுறி: ஐபி ஆப்ஷனில் வைத்த தகவல் வழியிலேயே பாக்கெட்டோடு காணாமல் போகிறது

ஐபிவி4 ஹெட்டரில் 40 பைட் ஆப்ஷன் இடம் இருக்கிறதே, டனல் எதற்கு என்று தோன்றும். ஆய்வகத்தில் வேலையும் செய்யும். வழியில் உள்ள பல ரூட்டர்களும் ஃபயர்வால்களும் அப்படி வரும் பாக்கெட்டை எறிகின்றன. ஐபிவி6 எக்ஸ்டென்ஷன் ஹெட்டர்களுக்கும் இதே கதி என்பதை 2016-ன் ஆர்எஃப்சி 7872 அளந்து காட்டியிருக்கிறது. அந்த வழியை விட்டுவிடுங்கள்.

டிசிபி மட்டும்தான், தகவல் வேண்டியதும் கடைசி மென்பொருளுக்கு மட்டும்தான் என்றால், இணைப்பின் தொடக்கத்திலேயே தகவலைச் சேர்த்து அனுப்பும் ப்ராக்சி ப்ரோட்டோகால் பதிப்பு 2 போதும். எம்டியு தலைவலி இல்லை. அதை அனுப்பும் லோட் பேலன்சரிலும் பெறும் வெப் சர்வரான நிங்க்ஸிலும் (nginx) ஒரே நேரத்தில் இயக்குங்கள். லோட் பேலன்சரில் மட்டும் இயக்கினால் நிங்க்ஸ் கோரிக்கைகளுக்கு 400 பிழையைத் திருப்பும்; நிங்க்ஸில் மட்டும் இயக்கினால் அது இணைப்பையே அறுத்துவிடும்.